நடவு வயலில் ஆர்.ஐ. ஊதிய குழல்

மிராசுதாரும் விவசாயச் சங்கமும் ஒரே நாளில் மனுப் போட்டு எதிர்த்த ஆள் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே எங்கள் குழல் ஆர்.ஐ. ஒருவர்தான். வெயிலடிக்கிறது என்பதில்கூட அந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போகாத காலம் அது.

தாலுகா ஆபீசில் அவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நான் குமாஸ்தா. குழல் வாசிப்பதில் மாதத்துக்கொரு பாணி பிடித்துக்கொள்வார். சித்திரையில் சுத்த கர்நாடகம். வைகாசியில் யாரோ கொடுத்த இசைத்தட்டைக் கேட்டுவிட்டு இந்துஸ்தானி. ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால், பட்டா மாற்ற வந்தவர் டீ குடித்துத் திரும்பும்வரை விடமாட்டார். ஆனியில் ஒரு கல்யாணத்தில் பாண்டு வாத்தியம் கேட்டார். அன்றிலிருந்து பியூன்கூட நடை போட்டுத்தான் ஃபைல் கொண்டுவந்தார்.

அப்போது குறுவை நடவு. கூலியை ஏற்றச் சொல்லிச் சங்கம் கொடி பிடித்திருந்தது. எந்த வயலில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதப் போன மனிதர், நடவுப் பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போய், வரப்பிலேயே குழலை எடுத்துவிட்டார்.

பாட்டின் வேகத்தில்தான் நடுகிற கை ஓடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆர்.ஐ.க்குத் தெரியாது. முதல் நாள் அந்தப் பாட்டை இந்துஸ்தானியில் இழுத்தார். பொழுது சாயும்போது பாதி வயல்கூட முடியவில்லை. மிராசுதார் கொதித்துப்போனார். மறுநாள் அதையே பாண்டு வேகத்தில் வாசித்தார். நடுப்பகலுக்குள் வயல் முடிந்து, ஆட்களை அடுத்த வயலில் இறக்கிவிட்டார்கள். நடவாட்களின் தலைவி செல்லம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பேறினார்.

“ஏன் சார், ஒரு நாள் வேலைய அரை நாள்ல வாங்கிப்புட்டீங்களே, மிராசுதாரு எத்தன மூட்ட தரேன்னாரு?”

“அத விடுங்கம்மா. தாளம் எப்படி வந்து விழுந்துச்சு, கவனிச்சீங்களா?”

இரண்டு மனுவும் தாசில்தார் மேசைக்கு வந்தன. ஒன்றில் வேலைநிறுத்தத்தைத் தூண்டுகிறவர், மற்றதில் மிராசுதாரின் கைக்கூலி.

“இனிமே குழலத் தொட மாட்டேன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா பூம்புகார் பக்கம் மாத்தச் சொல்லி கலெக்டருக்கு எழுதிடுவேன்” என்றார் தாசில்தார்.

“எழுதிக் குடுத்துடுங்க சார்” என்று நான் காதோடு கெஞ்சினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பூம்புகாரா? அங்க வலை இழுக்குறப்ப ஒரு பாட்டு பாடுவாங்களாமே சார்?”

தாசில்தார் அப்போதே கலெக்டருக்கு எழுதினார். பத்தாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். “வலை காலையில இழுப்பாங்களா, சாயங்காலமா?” என்று வழியெல்லாம் துளைத்தெடுத்தார். எங்களை விட்டுப் போகிற வருத்தம் மருந்துக்கும் இல்லை. எனக்குக் கோபமான கோபம். சங்கத்துக்காக மனுப் போட்ட செல்லம்மாவும் வந்து சண்டை பிடித்தார்.

“ஒரு வார்த்த எங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா மனுவத் திருப்பி வாங்கியிருக்க மாட்டமா?”

பஸ் அரை மணி நேரம் தாமதம். எல்லோரும் பஸ்காரனைத் திட்டினார்கள். எனக்கு மட்டும், பஸ் அன்றைக்கு வராமலே போனால் நன்றாயிருக்குமே என்றிருந்தது.