வைப்பர் அண்ணாச்சியின் இரும்புக் கால்கள்

தொண்ணூறுகளில் பூனா மழையில் வைப்பர் இல்லாமல் ஓடிய லாரிகளில் பாதிக்கு, தாபோடிப் பேட்டை வைப்பர் அண்ணாச்சிதான் பொறுப்பு. எந்தப் பழைய இரும்புக் கடையிலும் வைப்பர் மோட்டாரைக் கண்டால் விடமாட்டார். நடக்க முடியாதவர்களுக்கு அந்த மோட்டார்களை வைத்து, காலின் மேல் மாட்டிக்கொள்ளும் இரும்புக் கால் செய்துகொண்டிருந்தார். வெளிநாட்டுக் கால் வாங்க வீட்டை விற்க வேண்டும். தன்னுடையது பழைய ஸ்கூட்டர் விலையைத் தாண்டக்கூடாது என்பது அவர் பிடிவாதம்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராக வெல்டிங் வைத்துத் திரிந்த நான், முப்பது வயதில் அவர் கொட்டகையில் ஒதுங்கினேன். வைத்த வெல்டிங்கை மறுநாளே அறுக்கச் சொல்வார். அறுப்பேன்.

முதல் ஜோடியில் ஒரு காலுக்கு லாரி மோட்டார், மறு காலுக்குக் கார் மோட்டார். தானே மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் ஒரே இடத்தில் வட்டமடித்தார். அடுத்த ஜோடியோடு கடைத்தெருவுக்குப் போனவரை, ஷேர் ஆட்டோக்காரரும் இரண்டு சிப்பாய்களும் பரிதாபப்பட்டு அலாக்காகத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். "மேரா பைர் டீக் ஹை, பாயி!" என்று, தன் கால் நன்றாகத்தான் இருக்கிறதென்று இந்தியில் கத்தினார். பாவம், புத்தியும் போய்விட்டது என்று மராத்தியில் பேசிக்கொண்டார்கள். வெகுதூரம் தள்ளி, தேஹு ரோட்டில்தான் இறக்கிவிட்டார்கள்.

இத்தனையும் தங்கராசுக்காக. போலியோவில் இரண்டு கால்களும் போனவன், எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். பூனாவில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடைக்காரர்கள் மூடிவிட்டுத் தூங்குவார்கள். தங்கராசு மட்டும் விழித்திருப்பான். ஷட்டரை இழுக்க எழுந்து நிற்க வேண்டும்; இழுத்துவிடச் சொல்ல, அந்த நேரத்தில் தெருவில் ஆள் இருக்காது.

"ஒரு நாளாச்சும் என் ஷட்டரை நானே போடணும் அண்ணாச்சி" என்பான்.

ஏழாவது ஜோடியை ஒரு மதியம் பூத் வாசலில் வைத்து அவனுக்கு மாட்டினோம்.

"பயப்படாதலே. ஸ்விட்ச் என் கையிலல்லா இருக்கு!"

மூன்று எட்டு. கை ஷட்டரைப் பிடித்துவிட்டது. "ருக்கோ அண்ணாச்சி, ருக்கோ!"

அண்ணாச்சி ஸ்விட்சை அணைத்தார். வைப்பருக்கு ஒரு குணம் உண்டு: அணைத்தாலும் பாதியில் நிற்காது, கண்ணாடியின் ஓரத்துக்குப் போய்த்தான் படுக்கும். கால் இன்னும் ஓர் எட்டு வைத்தது. தங்கராசு உள்ளே போனான். அவன் பாரத்தில் ஷட்டர் படாரென்று இறங்கியது. நாங்கள் வெளியே.

"ஏலே, விழுந்துட்டியா? பேசுலே!" அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கக் குனிந்தார்.

"தூக்காதீங்க அண்ணாச்சி. சேர்லதான் இருக்கேன்." பிறகு உள்ளேயிருந்து சொன்னான்: "கடை பந்த். நாலு மணிக்கு வாங்க."

அண்ணாச்சி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வெயில். எத்தனையோ ஊரில் எத்தனையோ முதலாளிகளிடமிருந்து சொல்லாமல் எழுந்து போனவன் நான். அன்று அவர் பக்கத்திலேயே இருந்தேன்.