போ நகர் கோபுரத்து மொட்டை

"ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு எதுக்குங்க ஹெல்மெட்?" என்று கேட்டாள் உமாராணி.

கேட்காமல் என்ன செய்வாள்? வெள்ளிக்கிழமை லீவு நாள். கேம்ப் கட்டிலில் கைலியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையில் மட்டும் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒருத்தன் வீடியோ காலில் வந்தால், நிச்சயமான பெண்ணுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"சேஃப்டிங்க" என்றான் சோலைமுத்து.

"ஏன், மேல இருந்து ஏசி விழுந்துருமா?"

"அப்படி இல்ல. இந்தக் கத்தார் ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட்ல ரூல்ஸ் எல்லாம் ரொம்பக் கண்டிப்புங்க."

எதிர்க் கட்டிலில் படுத்திருந்த கௌஸ் முகைதீன் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தான். கிரேன் ஓட்டுகிற கீழக்கரைக்காரன். அவன் தலையில் ஹெல்மெட் இல்லை, நல்லவேளை போன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

விஷயம் சின்னதுதான். சோலைமுத்து மொட்டை போட்டிருந்தான். ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வேர்த்துத் தலையெல்லாம் வேர்க்குரு. கேம்ப் சலூனில் ஒரேயடியாக வழித்துக்கொண்டு வந்துவிட்டான். கல்யாணத்துக்குள் முளைத்துவிடும், அதுவரை பெண்ணுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. முப்பத்தாறு வயதில், எத்தனையோ வீட்டில் ஜாதகம் போய்த் திரும்பி, கடைசியில் அமைந்த பெண். டூட்டி முடிந்து வந்தால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்கு ஒரு குரல். அதை ஒரு மொட்டைக்காக இழக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"சரி, அது கிடக்கட்டும். மீனாம்பாள் சித்தி ஒரு போட்டோ அனுப்பியிருக்காங்க, பாருங்க" என்றாள் உமாராணி. அவள் பரமக்குடியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி ஏறுவது தெரியாமல் ஏற்றுவாள், கேள்வியும் அதே மாதிரிதான்.

போட்டோ வந்தது. சோலைமுத்து பார்த்தான். ஏசிக் காற்றிலும் முதுகில் வேர்த்தது.

வியட்நாம். நா ட்ராங் என்கிற கடற்கரை ஊர். செங்கல்லால் கட்டின பழைய போ நகர் கோபுரம். அதற்கு முன்னால் பட்டுப்புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக மீனாம்பாள் சித்தி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், சாம்பல் நிற அங்கி போட்டுக்கொண்டு, பாதி முகம் நிழலில் இருக்க, கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறது ஒரு மொட்டைத்தலை.

"ஒரு வாரம் அங்கேயே தங்குற டூர்ல போயிருக்காங்க. ஓட்டல்ல வைஃபை கிடைச்சதும் எல்லாப் போட்டோவையும் மொத்தமா அனுப்பிட்டாங்க. பின்னால நிக்கிற சாமியாரைப் பாருங்க. அச்சு அசல் உங்களை மாதிரியே இல்ல?"

"சே சே! நான் எங்க, வியட்நாம் எங்க? நான் பிளான்ட்டுக்குள்ள ஷட்டவுன் டூட்டியில இருந்தேன். போன்கூட உள்ள விட மாட்டானே!"

"அதான் நானும் சொன்னேன். ஆனா சித்தி கேக்கல. அந்தச் சாமியாரைத் தேடிப் பாத்துட்டுத்தான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

போனை வைத்ததும் சோலைமுத்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான்.

"மாட்டிக்கிட்டேன்டா கௌஸு!"

நடந்தது இதுதான். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தபோது ஷட்டவுன் வேலை இருந்தது. மிஷின் எல்லாம் நிறுத்திப் பழுது பார்க்கிற அந்த நாட்களில் யாருக்கும் லீவு மாஃபி, கிடையவே கிடையாது. அம்மா போய்த் தட்டு மாற்றினாள், மாப்பிள்ளை வீடியோவில் கையாட்டினான். மறுநாளே ஷட்டவுனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? வருஷம் முழுக்க ஒருத்தருக்கும் அடிபடாமல் சாரம் கட்டினதற்குப் பரிசு என்று சோலைமுத்து மாதிரி ஃபோர்மேன்களை வியட்நாமுக்கு ஓசியில் அனுப்பினார்கள். 'நிச்சயத்துக்கு வர லீவு இல்ல, ஊர்சுத்த மட்டும் லீவு இருக்கோ?' என்று பெண் வீட்டில் கேட்டால் மூஞ்சியை எங்கே வைப்பது? ஷட்டவுன் நடக்கிறது என்றே சொல்லிவிட்டு மொட்டைத்தலையோடு விமானம் ஏறினவன், முந்தாநாள்தான் திரும்பியிருந்தான்.

நன்றாகத்தான் இருந்தது ஊர். மலைமேல் வெள்ளை வெளேரென்று பெரிய புத்தர், எந்தத் தெருவில் நின்றாலும் தெரிந்தார். கடலோரத்தில் பாறைக்குவியல், அதில் பூதம் கைவைத்த தடம் என்று ஒரு பள்ளத்தைக் காட்டினார்கள். போ நகர் கோபுரத்துக்குள் மட்டும் சோலைமுத்து வாயடைத்துப் போனான். ஊதுவத்திப் புகைக்கு நடுவில் பத்துக் கையோடு அம்மன், பட்டு உடுத்தி, பூ மாலை போட்டு உட்கார்ந்திருந்தாள். வாசல்நிலைக்கு மேலே நம்ம சிவன் ஆடிக்கொண்டிருந்தார். அரை டவுசரில் போனவனை வாசலிலேயே நிறுத்தி, நீள அங்கி ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொல்லியிருந்தார்கள். அந்த அங்கியோடு வெளியே வந்து, நிழலாகப் பார்த்து நின்று, கண்ணை மூடி, 'தாயே, இந்தக் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்' என்று வேண்டினான். அவன் மனசாரக் கும்பிட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

"அந்த நேரம் பாத்தா அந்தம்மா போட்டோ எடுக்கணும்?" என்று தலையைத் தடவினான்.

"பதறாத மச்சான்" என்றான் கௌஸ். "சித்தி தேடட்டும். ஆளு இங்க கட்டில்ல உக்காந்திருக்கான், அங்க யாரு கிடைப்பா?"

அந்த நிம்மதி டீ ஆறுவதற்குள் போய்விட்டது. உமாராணி செய்தி அனுப்பினாள்: 'அப்பாவும் அந்தப் போட்டோவைப் பாத்துட்டாரு. உங்ககிட்ட சாயங்காலம் பேசணுமாம். ஹெல்மெட் எல்லாம் வேண்டாம், தலையைக் காட்டுங்க.'

அப்பா என்றால் பொன்னுச்சாமி. மானாமதுரையில் உரக்கடை. அவர் பேசினாலே மூட்டை இறங்குகிற மாதிரி இருக்கும்.

"முடி வேணும்டா, உடனே வேணும்" என்று அலறினான் சோலைமுத்து.

"யல்லா, கிளம்பு!" என்று கௌஸ் சட்டையை மாட்டினான்.

கேம்புக்குக் கிட்டே இருக்கிற அல்கோர் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி கடையில் விக் கிடைத்தது. பெண்களுக்கானது, இடுப்பு வரை தொங்கியது. பக்கத்து சலூனில் மலையாளிச் சேட்டன் எதுவும் கேட்காமல் அதைக் கிராப்பாக வெட்டிக் கொடுத்தார். கல்ஃபில் இதைவிட விநோதமெல்லாம் பார்த்தவர் போல. மாட்டிப் பார்த்ததில் சோலைமுத்து பழைய காலத்து நாடகத்தில் வரும் ராஜா மாதிரி இருந்தான்.

"சூப்பர் மச்சான்! ஆட்டாம அசைக்காம வச்சுக்க" என்றான் கௌஸ்.

சாயங்காலம் வீடியோவில் பொன்னுச்சாமி வந்தார். பக்கத்தில் உமாராணி.

"மாப்பிள்ளை, நல்லா இருக்கீகளா?"

பெரியவர் கேட்டதும் சோலைமுத்துவுக்குப் பிறவியிலேயே வந்த மரியாதை முந்திக்கொண்டது. "வணக்கம் மாமா" என்று கைகூப்பிக் குனிந்தான்.

விக் மடியில் விழுந்தது.

அந்தப் பக்கம் பொன்னுச்சாமி போனைக் கிட்டக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். இந்தப் பக்கம் மொட்டைத்தலை, கூப்பிய கை, பயத்தில் மூடிய கண். போட்டோவில் இருந்ததற்கு அங்கி ஒன்றுதான் குறைச்சல்.

"அடி ஆத்தீ! அதே மொட்டை, அதே கும்பிடு!" என்றார் பொன்னுச்சாமி.

கௌஸுக்கு நண்பனைக் காப்பாற்ற வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. பாய்ந்து வந்து போனுக்குள் தலையை நீட்டினான்.

"அஸ்ஸலாமு... வணக்கம் மாமா! நான் கௌஸு, இவன் ரூம்மேட். தப்பா நினைக்காதீங்க. இவன் தங்கமான பய. கொஞ்ச நாளா இவனுக்குப் பக்தி ஜாஸ்தியாயிருச்சு, அதான் மொட்டை."

"பக்தியா?"

"ஆமா மாமா! கறி மீனைத் தொடுறதில்ல. சினிமா, சீட்டு ஒண்ணும் கிடையாது. விடியக்காலம் எந்திரிச்சுக் கண்ணை மூடி உக்காந்தான்னா நாங்க உலுக்கினாத்தான் எந்திரிப்பான். எதுலயும் ஆசையே இல்லாதவன் மாமா!"

ஒவ்வொரு புகழுக்கும் பொன்னுச்சாமியின் முகம் கறுத்துக்கொண்டே போனது. கௌஸ் அதைப் பரவசம் என்று நினைத்து இன்னும் ஏற்றினான். "பொம்பளைங்க இருக்கிற பக்கமே திரும்ப மாட்டான்!"

"போதும் தம்பி" என்றார் பொன்னுச்சாமி. குரல் உடைந்திருந்தது. "எங்க அக்கா வீட்டுக்காரரும் இப்படித்தான். முதல்ல கறியை விட்டாரு. அப்புறம் மொட்டை போட்டாரு. ஒருநாள் காவியைக் கட்டிக்கிட்டுப் போனவருதான், இன்னிவரைக்கும் திரும்பல. எங்க அக்கா வாசலைப் பாத்துப் பாத்தே கிழவியாயிட்டா. எம்புள்ளைக்கும் அந்தக் கதி வேண்டாம். கல்யாணத்தை நிறுத்திக்குவோம் மாப்பிள்ளை. நீங்க உங்க வழியில நல்லா இருங்க."

உமாராணி கண்ணைத் துடைத்தாள். சோலைமுத்து அதைப் பார்த்துவிட்டான். அதுவரை விழுங்கிவைத்திருந்த பயமெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"மாமா! நான் சாமியாரும் இல்ல, பூசாரியும் இல்ல! பொய் சொல்லிட்டேன் மாமா! ஷட்டவுன் நடக்கவே இல்ல. ஓசி டிக்கெட் கிடைச்சதுன்னு வியட்நாம் போய் ஊர்சுத்தினேன். போட்டோவுல நிக்கிறது நான்தான். அரை டவுசர் போட்டுப் போனேன்னு கோயில்ல அந்த அங்கியை மாட்டிவிட்டாங்க. மொட்டை வேர்க்குருவுக்குப் போட்டது!"

"கறி சாப்பிடுறதில்லன்னு அந்தத் தம்பி சொல்லுது?"

"அவன் கிடக்கான் மாமா! அங்க இருந்த நாளெல்லாம் நண்டுதான். இன்னிக்கு மத்தியானம் மட்டன் பிரியாணி. ரெண்டு வாட்டி வாங்கித் தின்னேன்."

பொன்னுச்சாமி கொஞ்சம் நிமிர்ந்தார். "சீட்டு?"

"வெள்ளிக்கிழமை ஆனா ஆடுவேன் மாமா."

"தண்ணி?"

சோலைமுத்து உமாராணியைப் பார்த்துத் தயங்கினான். "கடற்கரையில... ஒரு பீரு."

"பீரா!" பொன்னுச்சாமியின் முகத்தில் விளக்குப் போட்டது போல வெளிச்சம். "காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீக?"

"டூட்டி இல்லேன்னா எந்திரிக்கவே மாட்டேன் மாமா."

"ஆசை கீசை?"

"நிறைய இருக்கு மாமா! கண்ணை மூடி அந்த அம்மன்கிட்ட வேண்டுனதே இந்தக் கல்யாணம் நடக்கணும்னுதான். வேற எதுக்கும் இல்ல."

பொன்னுச்சாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுச் சிரித்தார். "அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீக மாப்பிள்ளை. நம்மளை மாதிரி மனுசன்தான். பொய் சொன்னா என்ன, கல்யாணத்துக்கு அப்புறம் இவ சொல்லவே விட மாட்டா. ஆவணியில கல்யாணம், அதுல மாத்தமே இல்ல!"

உமாராணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். கண் இன்னும் ஈரம், வாய் மட்டும் பழையபடி.

"நிச்சயத்துக்கு வர லீவு இல்ல, நண்டு திங்க லீவு இருக்கா?"

"மன்னிச்சிருங்க."

"மாட்டேன். கல்யாணம் முடிஞ்சதும் அதே கோபுரத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போகணும். அந்த அங்கியை மாட்டி, அதே இடத்துல நிக்கவச்சு நான் போட்டோ எடுக்கணும்."

"எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுங்க" என்றான் சோலைமுத்து. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவனுக்கு. ஹெல்மெட் வேண்டாம், விக் வேண்டாம், இனி மறைக்க ஒன்றுமே இல்லை. கௌஸ் அந்த விக்கை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஆடினான்.

அப்போது உமாராணியின் போனில் இன்னொரு அழைப்பு. "மீனாம்பாள் சித்தி!" என்று சொல்லி, அவளையும் வீடியோவில் சேர்த்தாள். சித்திக்கு மூச்சு வாங்கியது. படியேறி வந்திருப்பாள் போலிருக்கிறது, பின்னால் வெள்ளைப் புத்தர் தெரிந்தார்.

"மாப்பிள்ளை, என் போட்டோவுல நின்ன அந்தச் சாமியாரைக் கண்டுபிடிச்சுட்டேன், இந்தா பக்கத்துலதான் நிக்கிறாரு, எப்படியும் எழுவது வயசு இருக்கும், கிட்டத்துல பாத்தா உங்க சாயல் துளிகூட இல்ல!"