பொங்கல் பக்கத்தில் அவர் இருப்பார்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
பங்குனி 20

அன்புள்ள கொழுந்தனார் சிவபாலன் அவர்களுக்கு, அண்ணி கமலாட்சி எழுதுவது.

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமாக இருப்பதை விசாரிக்காமலே அறிவேன். போன வாரம் வாலாஜாபாத்திலிருந்து ஆறு பேர் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து, உங்களைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு போனார்கள் அல்லவா. தேவகிக்கு என் அன்பு. அவளுடைய மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை நல்லது என்று போன மாதமே சொன்னேன், செய்திருக்க மாட்டாள்.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதில் போடலாம் என்றால், அங்கே நாம் இரண்டு பேர் பேசுவதற்குக் கட்டைவிரல் காட்ட இருபத்தேழு பேர் காத்திருக்கிறார்கள். எங்கள் கான்வென்டில் சிஸ்டர் ஆக்னஸ் என்று ஒருவர் இருந்தார். கோபமாக இருக்கும்போது கடிதம் எழுது, அப்போதுதான் எழுத்தாவது ஒழுங்காக வரும் என்பார். ஆகவே எழுதுகிறேன்.

குழுவில் நீங்கள் போட்ட மூன்று கட்டளைகளையும் படித்தேன். ஒன்று, குடும்ப ஸ்கிராப் புக்கின் பொங்கல் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள் நடுவே உங்கள் அண்ணனின் படத்தை ஒட்டக் கூடாது, அவருக்குப் புத்தகத்தின் கடைசியில் தனிப் பக்கம், மாலையோடு. இரண்டு, மங்கலமான பண்டிகைப் பக்கத்தில் நான் நடுவில் இருக்கக் கூடாது, ஓரமாக இருக்க வேண்டும். மூன்று, இந்த இரண்டுக்கும் நான் சம்மதிக்காவிட்டால் உங்கள் குடும்பத்துப் படங்களைப் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்துவிட வேண்டும், சித்திரை முதல் நாள் புத்தகம் பிரிக்கிறபோது நீங்கள் யாரும் வர மாட்டீர்கள். மூன்றுக்கும் என் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன என்று நீங்கள் ஒரு பக்கமே கேட்டிருக்கிறீர்கள், அதுவும் தேவகியின் சித்தி லோகாம்பாள் பக்கம். ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன்.

வீட்டுக்கு ஒரு பண்டிகை, பண்டிகைக்கு ஒரு பக்கம், எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் குடும்ப ஸ்கிராப் புக் என்று யோசனை சொன்னது என் மகள் ஜீவிதா. சீட்டுப் போட்டதில் தேவகிக்குத் தீபாவளி வந்தது, எனக்குப் பொங்கல் வந்தது. மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பூவைப் போட்டு, அதன்மேல் ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். தேவகியின் தீபாவளிப் பக்கத்தைக் குழுவில் பார்த்தேன். அதில் நீங்கள் பெரிய முகமாக மேலே இருக்கிறீர்கள், மற்றவர்கள் தபால்தலை அளவில் கீழே வரிசையாக நிற்கிறார்கள். தேர்தல் பேனர் என்றே நினைத்தேன். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை. கெட்டித் தாள் வாங்கி, நான்கு பக்கமும் ஓர் அங்குலம் விளிம்பு விட்டு, பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு நூலை விளிம்பில் கரை மாதிரி ஒட்டினேன். வாழ்நாள் முழுவதும் புடவைக் கரைக்கு டிசைன் போட்ட மனிதர் உங்கள் அண்ணன். அவர் இருக்கப்போகிற பக்கத்தில் கரை கோணலாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

பக்கத்தின் நடுவில் இந்த வருடம் காணும் பொங்கலுக்கு ஓரிக்கையில் பாலாற்று மணலில் எடுத்த குடும்பப் படம். அதற்கு ஒட்டினாற்போல் அவர். அவருக்கு ஒட்டவேண்டிய படம் எது என்பதில் எனக்கு ஒரு நிமிடம்கூடத் தயக்கம் வரவில்லை. தொண்ணூற்று நான்காம் வருடம், அதே காணும் பொங்கல், அதே ஆறு. நான், அவர், நீங்கள், தேவகி, நான்கு பேரும் வரிசையாக நிற்கிறோம். அவர் கையில் பாதி கடித்த கரும்பு, வாயெல்லாம் சிரிப்பு. வீட்டில் அவருடைய படங்கள் நாற்பது இருக்கின்றன. முப்பத்தொன்பதில் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் இருப்பார். சிரித்தது அந்த ஒன்றில்தான். ஆனால் அதில் முகம் விரல் நகத்தளவுதான் இருந்தது. ஆகவே படத்தைக் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தேவசகாயத்திடம் கொண்டு போய், யாரைப் பெரிதாக்க வேண்டும் என்று சந்தேகத்துக்கே இடமில்லாமல் குறித்துக் கொடுத்து, "பண்டிகைப் பக்கத்துக்கு வேண்டும், அழகாகச் செய்து கொடுங்கள்" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மனிதருக்குப் பண்டிகை என்ற சொல் காதில் ஏறவே இல்லை. வெள்ளை முடியோடு, நெற்றியில் விபூதியோடு ஒரு பெண்மணி பழைய படத்தைக் கொண்டுவந்து ஓர் ஆளை மட்டும் பெரிதாக்கச் சொன்னால் அது எதற்கு என்று ஸ்டுடியோக்காரர்களுக்குத் தாங்களாகவே தெரிந்துவிடுகிறதாம். பின்னால் நீல வானம் வைத்தார். கோட்டு, டை மாட்டினார். கழுத்தில் சம்பங்கி மாலை போட்டார். கீழே "தோற்றம்" என்றும் "மறைவு" என்றும் அச்சடித்து, தேதிக்கு இடம் விட்டார். வேலை நன்றாக வந்துவிட்டது என்று கடை வாசலில் கண்ணாடிப் பெட்டியில் மாதிரிக்கு மாட்டியும் வைத்தார். இதில் ஒரே ஒரு குறை. அவர் பெரிதாக்கியது உங்கள் அண்ணனை அல்ல. உங்களை.

எனக்கு இது தெரியாது. வியாழக்கிழமை காலை தேவகிதான் போன் செய்தாள். "அக்கா, இவரு உசுரோடதான் இருக்காரு. உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள். தெரியும், ஏன் கேட்கிறாய் என்றேன். "எங்க சித்தி தெருமுனையிலேர்ந்து அழுதுக்கினே வந்துச்சுக்கா" என்றாள். அவளுடைய சித்தி லோகாம்பாள் கோயிலுக்கு வந்தவர், பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணாடிப் பெட்டியில் உங்களைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிப் போய், ஆட்டோ பிடித்து, மாலை வாங்கி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு முசரவாக்கம் வந்து சேர்ந்திருக்கிறார். கதவைத் திறந்தது நீங்கள். பாதிக் கன்னம் சவரம் ஆகியிருக்கிறது, மீதிக் கன்னத்தில் சோப்பு. லோகாம்பாள் உங்களைக் கட்டிப் பிடித்து அழுது முடித்த பிறகு, "உசுரோட இருந்தா ஒரு போன் பண்ணிச் சொல்ல மாட்டியாப்பா? ஆறு பேரு சோறு தண்ணி இல்லாம வந்துருக்கோம்" என்று உங்களையே திட்டினாராம். அது மட்டுமா, பையில் தேவகிக்குக் கோடிப் புடவையும் கொண்டு வந்திருக்கிறார். தேவகி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பட்டு நெய்யற வூட்டுப் பொண்ணுக்கு பாலியஸ்டர்ல கோடியா சித்தி?" என்று கேட்டாளாம். அந்தக் கேள்வியில் அவள் பக்கம்தான் நியாயம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு நீங்கள் போன் செய்தீர்கள். "என் சாவுக்குத் தேதி போட எடம் வுட்டு வெச்சிருக்கீங்களா அண்ணி?" என்றீர்கள். நான் உடனே ஸ்டுடியோவுக்குப் போனேன். தேவசகாயம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தார்.

"வாங்கம்மா, பாருங்க, எப்டி வந்துருக்குதுன்னு! மூஞ்சில ஒரு களை குடுத்துருக்கேன்."

"இது யார்?"

"உங்க வூட்டுக்காரரும்மா."

"இது என் கொழுந்தனார். முசரவாக்கத்தில் உயிரோடு இருக்கிறார். காலையில்தான் என்னிடம் கத்தினார்."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, நூறு வருசம் நல்லா இருக்கட்டும்மா" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து உங்களை இறக்கினார். இறக்கியவர் என்னிடம் நீட்டி, "பிரேம் போட்டாச்சும்மா. வூட்ல வெச்சிக்கினு இருங்க, பின்னாடி ஒதவும்" என்றார். நான் வாங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்குக் கோட்டு நன்றாகப் பொருந்துகிறது.

தவறு ஸ்டுடியோக்காரருடையது. குறித்துக் கொடுத்ததைப் பார்க்கத் தெரியாதவர் கடை வைத்திருக்கக் கூடாது. இதற்கும் என் பக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இறந்தவரை இருப்பவர்களோடு சேர்க்கப் பார்த்ததால்தான் இந்த அபசகுனம் என்கிறீர்கள். சரி, கேட்கிறேன். போகிக்கு முந்தின நாள் நம் வீட்டில் படையல் போட்டோமே, அப்போது அவருக்கு வேட்டி வைத்து, மசால் வடை வைத்து, தலைவாழை இலைக்கு முன்னால் நின்று, "அண்ணா, வந்து சாப்புடு" என்று சத்தமாகக் கூப்பிட்டது யார்? நீங்கள்தான். வடையில் உப்புக் குறைவு என்று பிறகு சொன்னதும் நீங்கள்தான். பொங்கலுக்குச் சாப்பிட வரலாம், பொங்கல் படத்தில் நிற்கக் கூடாதா? அவரை அழைத்துச் சோறு போட்டுவிட்டு, போட்டோ எடுக்கும்போது மட்டும் கொல்லைப்புறத்தில் இருக்கச் சொல்வது எந்த ஊர் மரியாதை? நான்கு வருடமாக அவர் கூடத்துச் சுவரில் மாலையோடுதான் இருக்கிறார். அங்கே அவர் எல்லோருக்கும் சாமி. இந்த ஒரு பக்கத்திலாவது கரும்பு கடிக்கிற மனிதராக இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது கட்டளைக்கு வருகிறேன். நான் ஓரமாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஓரிக்கையில் அன்று ஒரே நாற்காலிதான் இருந்தது. எழுபத்து மூன்று வயதில் முழங்காலோடு மணலில் உட்கார முடியாது என்பதால் என்னை அதில் உட்கார வைத்தீர்கள், எல்லோரும் என்னைச் சுற்றி நின்றீர்கள். அப்போது உங்களுக்கு மங்கலம் குறையவில்லை. சின்னவர்கள் எல்லாம் என் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள், நீங்களும்தான் வாங்கினீர்கள். ஆசீர்வாதத்துக்கு நடுவில் இருக்கலாம், அதன் படத்தில் ஓரத்தில் இருக்க வேண்டுமா? பக்கத்தின் நடு எது என்று ஸ்கேல் வைத்து அளந்து கண்டுபிடித்தவள் நான். அங்கே நான் இருப்பேன். பொட்டு வைத்துக்கொள்ளாதே என்றார்கள், சரி என்றேன். பூ வேண்டாம் என்றார்கள், அதற்கும் தலையசைத்தேன். நான்கு வருடமாக எதற்கும் எதிர்த்துப் பேசாதவள் இதற்கு முடியாது என்கிறேன். முடியாது.

மூன்றாவது, உங்களை வெட்டி எடுப்பது. நீங்கள் கேட்டதற்காக முயற்சி செய்து பார்த்தேன். தேவசகாயம் செய்த பிழைக்கு ஈடாக அந்தப் பழைய படத்தை முழுதாகவே பெரிதாக்கிக் கொடுத்தார், இந்த முறை மாலை இல்லாமல். கத்தரிக்கோலை எடுத்து உங்களை மட்டும் நறுக்க ஆரம்பித்தேன். முடியவில்லை தம்பி. உங்கள் கை அவருடைய தோளில் இருக்கிறது. உங்களை எடுத்தால் கை மட்டும் அவர் தோளில் தங்கிவிடுகிறது, மோதிரத்தோடு. கையையும் எடுத்தால் அவருடைய தோள் போய்விடுகிறது. ஜீவிதா பார்த்துவிட்டு, "என்னம்மா, பேய் தோள் மேல கை போட்டா மாதிரி இருக்குது" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அவரோடு ஒரே படத்தில் நீங்கள் இருக்கக் கூடாது என்றிருந்தால் அந்தக் கையை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். முப்பது வருடம் கழித்துச் சொன்னால் நான் என்ன செய்வது?

ஆகவே முடிவு இது. அவர் இருப்பார், நான் நடுவில் இருப்பேன், உங்கள் கையும் இருந்த இடத்திலேயே இருக்கும். சித்திரை முதல் நாள் நீங்கள் வராவிட்டால், உங்கள் இலையைப் போட்டு வைத்துவிட்டு நாங்கள் சாப்பிடுவோம். வராதவர்களுக்கு இலை போடுவது இந்த வீட்டுக்குப் புதிதல்ல.

குமரக்கோட்டத்து முருகன் உங்களையும் தேவகியையும் நோயில்லாமல் வைத்திருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். லோகாம்பாளுக்கு என் வணக்கம் சொல்லி, அடுத்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
வே. கமலாட்சி

பின்குறிப்பு: இதை எழுதி உறையில் போடுகிற நேரத்தில் தேவசகாயம் வந்து மூலப்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். படத்தைத் திருப்பி, பின்பக்கத்தை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதில் என் பென்சிலால் நான் போட்ட பெருக்கல் குறி இருந்தது. முகத்தின்மேல் குறி போட்டால் படம் பாழாகும் என்று, முன்பக்கத்தில் அவர் இடமிருந்து இரண்டாவது என எண்ணிக்கொண்டு, படத்தைத் திருப்பி, பின்பக்கத்திலும் இடமிருந்து இரண்டாவது இடத்தில் குறி போட்டிருக்கிறேன். திருப்பினால் அங்கே நிற்பது நீங்கள். ஆகையால் மேலே தேவசகாயத்தைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்களுக்கு மாலை போட்டது நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள், மனதார எழுதுகிறேன். இவ்வளவுக்கும் பிறகு பக்கத்தில் யார் இருக்கலாம் என்று நீங்கள் வந்து பார்த்து முடிவு செய்யுங்கள், வேண்டாம் என்றால் நானே பிரித்து எடுத்துவிடுகிறேன் என்று எழுதுவதுதான் முறை. எழுதவும் பேனாவை எடுத்தேன். எதற்கும் ஒருமுறை, பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். பசை காய்ந்துவிட்டது. வரும்போது தேவகியையும் அழைத்து வாருங்கள்.