பதினைந்தை அழுத்தினால் ஐம்பத்தைந்து

மதுரையில் அவரிடம் அகப்பட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் தப்பித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. டவுன் பஸ் கண்டக்டர், தபால்காரர், முடிவெட்டுகிறவர் என்று யாரையும் அவர் விட்டதில்லை. எங்கள் கம்பெனியில் அவருக்கு ‘ரிப்பீட்டு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை.

டீக்கடையில் தினமும் ஒரு நாடகம் நடக்கும்.

“மாஸ்டர், ரெண்டு டீ. ஒண்ணுல சீனி கம்மி, ஒண்ணு ஸ்ட்ராங்கு. எங்க, சொல்லுங்க பாப்போம்.”

“என்னத்தச் சொல்ல?”

“நான் சொன்னத.”

“யோவ், இருபது வருசமா டீ போடுறேன்யா!”

“இருக்கட்டும்ணே. சொல்லுங்க.”

மாஸ்டர் சொல்வார். சொல்லவைத்த ஆத்திரத்தில் இரண்டு கிளாசிலும் சீனியை அள்ளிக் கொட்டிவிடுவார்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் வெளியூரிலிருந்து வந்த ஒரு டிரங்க்கால் போன். அவரைப் பார்க்கப் பெண் வீட்டார் பதினொன்றாம் தேதி வருவதாகச் சொன்னது, இரைச்சலில் இவர் காதில் பதினேழாக விழுந்தது. பதினொன்றாம் தேதி ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கியபோது, ரிப்பீட்டு கிழிந்த லுங்கியோடு ஏணிமேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, மாப்பிள்ளை எங்க?” என்று பெண்ணின் அப்பா அவரிடமே கேட்டார்.

“நான்தாங்க” என்றார், வெள்ளையடிக்கிற மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அன்று பிடித்த பயம் போகவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஒத்தக்கடையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்தது எங்கள் கம்பெனி. திடீரென்று முதலாளி ஒரு புது ஆர்டர் பிடித்து வந்தார். தல்லாகுளத்தில் ஒரு டாக்டர் புதிதாக ஹால் கட்டியிருந்தார். அவர் மேஜையில் பட்டனை அழுத்தினால், ஹாலில் டோக்கன் நம்பர் சிவப்பாக எரிய வேண்டும்.

மேஜையில் ஒரு பெட்டி, ஹாலில் ஒரு போர்டு. இரண்டுக்குள்ளும் ஆளுக்கொரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். நடுவில் மூன்று ஒயர்: ஒன்று போக, ஒன்று வர, ஒன்று எர்த்து. நம்பரைத் துணுக்குத் துணுக்காக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் அனுப்ப வேண்டும். புரோகிராம் என் பொறுப்பு, ஒயரிங் அவர் பொறுப்பு.

“மாப்ள, அந்தப் போர்டு நம்பரத் திருப்பிச் சொல்லுமா?” என்று கேட்டார்.

“அது என்ன டீ மாஸ்டராண்ணே? டாக்டர் அனுப்புறாரு, போர்டு காட்டுது. அம்புட்டுதான்” என்று சிரித்தேன். ‘வர’ என்று வைத்த ஒயர் சும்மாவே கிடந்தது.

எங்கள் மேஜையில் எல்லாம் அழகாக வேலை செய்தது. கிளினிக்கில் மாட்டிய முதல் நாளே மானம் போயிற்று. டாக்டர் பதினைந்தை அழுத்தினார். போர்டு ஐம்பத்தைந்து என்றது. அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஐம்பத்தைந்தாம் நம்பர்க்காரர் மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். சோழவந்தானிலிருந்து முழங்கால் வலியோடு வந்திருந்த பதினைந்தாம் நம்பர் விவசாயி என் சட்டையைப் பிடித்துவிட்டார். “வெள்ளென வந்து உக்காந்திருக்கேன். இந்தப் பொட்டிக்கு என்னக் கண்டா ஆகலையா?”

டாக்டர் வெளியே வந்தார். “பத்து நாள் டைம். சரியாகலேன்னா கழட்டிட்டுப் போயிருங்க. நர்ஸே கூப்பிடட்டும்.”

“இது போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதாம்ப்பா” என்றார் முதலாளி வாசலில். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ரிப்பீட்டு மறுநாள் காலை கிளினிக்குக்குப் போய், நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “உங்களுக்கு என்ன செய்யுது?” என்று நர்ஸ் கேட்டதற்கு, “எனக்கில்லம்மா, போர்டுக்குத்தான்” என்றாராம். மூன்று நாள் உட்கார்ந்த பிறகு வந்து சொன்னார்: “மாப்ள, எக்ஸ்ரே ரூம்ல டக்குன்னு சத்தம் வரும்போது மட்டுந்தான் நம்பர் கெடுது.”

எங்கள் ஒயர் அந்த எக்ஸ்ரே மெஷினின் கரண்ட் லைனோடு ஒட்டிப் போயிருந்ததால், மெஷின் ஓடும்போது நம்பர் வழியிலேயே குழம்பியது. வேறு பக்கம் கொண்டுபோகலாமென்றால், புதுச் சுவரை உடைக்க டாக்டர் விடவில்லை.

எனக்கு வேறு வழி தெரிந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. “சும்மா கிடக்குற ஒயர்ல போர்டைத் திருப்பிச் சொல்ல வைக்கலாம்ணே. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் லைட் எரியணும். இல்லாட்டி மறுபடி அனுப்பணும்.”

அவர் சிரிக்கவில்லை. நான் அன்று கேலி செய்ததைக் குத்திக் காட்டவும் இல்லை. “எம்புட்டு நாளாகும்?” என்று மட்டும் கேட்டார்.

புரோகிராம் எழுத ஒரு நாள் போதும். சிப்பில் இருக்கும் பழையதை அழிப்பதுதான் சிக்கல். அழிக்கிற புற ஊதா விளக்கு பீஸ் போய்க் கிடந்தது. வெயிலிலும் அழியும், நாளாகும். ரிப்பீட்டு இரண்டு சிப்பையும் தட்டில் வைத்து, வெயில் உள்ளே போக அவற்றின் தலையிலுள்ள சின்னக் கண்ணாடி ஜன்னல் மேலே பார்க்க, மொட்டை மாடியில் காயப் போட்டார். காக்காய் விரட்டக் குச்சியும் கையுமாகக் காவல் இருந்தார். அடுத்த மாடி அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா வத்தல் இது, பூரானாட்டம் காலு காலா இருக்கு?”

“இதத் திங்க முடியாது அத்தாச்சி. பழசெல்லாம் மறக்குறதுக்காகக் காயுது.”

“வெயில்ல காஞ்சா மறந்துருமா? அப்ப எங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் உக்கார வைக்கிறேன், இரு.”

சித்திரை வெயில் ஆறு நாளில் இரண்டு சிப்பையும் வெளுத்துக் கொடுத்தது. பத்தாம் நாள் மாட்டினோம். எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் மெஷினை விடாமல் ஓட்டச் சொன்னார் ரிப்பீட்டு. “எதை வச்சு எடுக்க?” என்று அவர் கேட்க, தன் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினார்.

டக். டாக்டர் பதினைந்தை அழுத்தினார். போர்டு ஒரு நொடி யோசித்தது. எனக்கு அது ஒரு வருஷம். பதினைந்து எரிந்தது. பதினாறு. டக். பதினேழு. முப்பது வரை ஒன்றுகூடப் பிசகவில்லை.

உள்ளிருந்து எக்ஸ்ரேக்காரர் பிலிமோடு வந்தார். “மூணு இட்லி, ஒரு வடை. எலும்பு முறிவு ஒண்ணும் இல்ல சார்.”

டாக்டரே சிரித்துவிட்டார். முதலாளி சுவரில் சாய்ந்து, ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். அன்று வீட்டுக்குப் போய்த்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனேனாம்.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அந்தக் கிளினிக் வாசலில் ரிப்பீட்டின் சைக்கிளைப் பார்த்தேன். உடம்புக்கு என்னவோ என்று பதறி உள்ளே ஓடினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே, என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்ல மாப்ள. பத்தொம்பது ஓடுது. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

நகர்ந்து இடம் கொடுத்தார். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லைதான். முப்பத்திரண்டு வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.