பிளாப்பிப் பரணி

வாழி, சான்றிதழ்ச் செம்மலே! முப்பதாண்டுகளுக்கு முன் ஆறே மாதத்தில் கணினிக் கடலைக் கடந்து, பட்டயத்தைச் சட்டமிட்டுச் சுவரேற்றி, அன்றுதொட்டு இன்றுவரை வேறெதையும் கற்பதில்லை என்னும் கடுவிரதம் காத்துவரும் வித்தகரே! தங்கையின் எம்பிராய்டரிக் கூடத்தில் நூற்கண்டுகள் புடைசூழ, உடைந்த நாற்காலியே அரியணையாக வீற்றிருக்கும் மூத்தோரே! உம் புகழை உள்ளது உள்ளபடி பாடுகிறேன். கேட்பவர் சிரித்தால் அந்தப் பழி என்னைச் சேராது.

அன்று காலை, மருத்துவமனை நர்சுகள் நாற்பது பேரின் வெண்கோட்டுகள் மேசைமேல் மலையெனக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மார்பிலும் மருத்துவமனையின் சின்னம் பூத்தாக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வண்டி வரும். தவறினால் அந்த மருத்துவமனை இனி இந்தப் படி ஏறாது. சின்னமோ ஒரே ஒரு பிளாப்பித் தட்டில் மட்டும் உயிர் வைத்திருந்தது. தங்கை அதை எம்பிராய்டரி இயந்திரத்தின் வாயில் செருகினாள். கரகரவெனக் கனைத்த அந்தக் கிழட்டு அரக்கன், பச்சைத் திரையில் முதற்கணை தொடுத்தான்: ‘டிரைவ் தயாராக இல்லை.’

“தள்ளி நில்லும்மா! இது படிச்சவன் பார்க்க வேண்டிய வேலை!” என்று முழங்கி எழுந்தார் அண்ணன்.

சட்டைக்கையைச் சுருட்டிய அந்தப் புயவலியை என்னென்று சொல்வேன்! சோம்பேறிகள்தான் தயாராக இல்லை என்பார்கள், அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று தெளிந்து, இயந்திரத்தின் தலையில் இரண்டு குத்து விட்டார். அதிர்ச்சியில், பாதி உள்ளே போயிருந்த பிளாப்பி முழுதாகப் போய் உட்கார்ந்தது. குருட்டதிர்ஷ்டத்தைத் தம் கல்வி என்று அவர் கொண்டாடுமுன் இரண்டாம் கணை பாய்ந்தது: ‘தேடிய பகுதி கிடைக்கவில்லை.’ தூசி என்று தீர்ப்பளித்த பெருமான், நெஞ்சு நிறையக் காற்றிழுத்து, ஊழிப்பெருங்காற்றென ஊதினார். காற்றோடு காலைக் காப்பியின் எச்சிலும் உள்ளே போயிற்று. மணி பதினொன்று.

மூன்றாம் கணை வந்தது. ‘இத்தட்டு வடிவமைக்கப்படவில்லை. இப்போது வடிவமைக்கவா? ஆம், இல்லை.’

அண்ணனின் முகம் பூரித்தது. இத்தனை நேரம் உறுமிய பகைவன் இப்போது அனுமதி கேட்கிறான்! கேள்வி கேட்டவன் பணிந்தவன். பணிந்தவனுக்கு வரமளிப்பது வீரர்க்கு அழகு. “பார்த்தியா, கெஞ்சுது!” என்று உலகுக்கு அறிவித்து, ‘ஆம்’ என்னும் பொத்தானை நோக்கி அவர் சுட்டுவிரல், எதிரியின் கோட்டைக் கதவை இடிக்கப் போகும் யானை போல் இறங்கியது.

தங்கை பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். “அண்ணா, கையை எடு! அதை அமுக்கினா உள்ள இருக்கறது மொத்தமும் அழிஞ்சு போயிடும்!”

பிளாப்பியை உருவித் திருப்பினாள். மூலையிலிருந்த சிறு துளையை டேப் ஒன்று மூடியிருந்தது.

“இதை யாரு ஒட்டினது?”

“நான்தான், நேத்து. யாரும் அழிச்சிடக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு. கிளாஸ்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க.”

“அது அந்தக் காலத்துப் பெரிய பிளாப்பிக்கு! இதுல அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் மெஷின் இது எந்த வகைன்னு கண்டுபிடிக்கும். நீ அதோட கண்ணைக் கட்டிட்டு, தெரியலைன்னு சொன்னதுக்கு அடிச்சிருக்கே!”

காவலராக வந்து டேப் ஒட்டியவரும் அவரே, அடியோடு அழிக்க விரல் ஓங்கியவரும் அவரே என்று உணர்ந்த கணத்தில், அவமானத்தால் காது மடல் வரை சிவந்த அவ்வீரர், தங்கை டேப்பை உரித்துப் பிளாப்பியை மீண்டும் செருக, கரகரத்த அரக்கன் ஒரு சொல்லும் சொல்லாமல் சின்னத்தைத் திரையில் ஏந்தி நிற்க, ஊசி இறங்கித் தைக்கத் தொடங்க, வெற்றிமுரசு கொட்டத் திறந்த வாய் திறந்தபடி, தம் கல்விக்கு அங்கே ஓர் இருக்கையும் இல்லை என்பதை முப்பதாண்டுகளில் முதன்முறையாகக் கண்டு, நெடுமூச்செறிந்து நின்றார்.

அப்புறம் உட்கார்ந்து கோட்டு மடித்தார்.