வைர மோதிரமும் ஐந்து இணைப்புகளும்

2025 ஜூன் 9, திங்கட்கிழமை, காலை பத்து ஐம்பத்தைந்துக்கு, ஐந்து இணைப்புகளுடன் ஒரு விண்ணப்பத்தை இளநிலை உதவியாளர் வீரமணி தன் மேலதிகாரியிடம் கொடுத்தார். தர்மபுரியில் உள்ள தரிசு நில வகைப்பாட்டுத் தனி அலுவலகத்துக்கு அப்படி ஒரு விண்ணப்பம் அதற்கு முன் வந்ததில்லை. மூன்றாண்டுப் பணிக்காகத் தொடங்கப்பட்ட அந்த அலுவலகம் இருபத்தெட்டு ஆண்டுகளாக மூன்றாம் ஆண்டில் நடந்துகொண்டிருந்தது.

ஆவணி 15, ஆகஸ்ட் 31 அன்று தனக்கும் காரிமங்கலம் எழிலரசிக்கும் நிச்சயதார்த்தம், அதற்கு ஒரு வைர மோதிரம் வாங்க அனுமதி வேண்டும் என்பது விண்ணப்பத்தின் சாரம். கடையின் விலைப்புள்ளி, கல்லின் தரச் சான்று நகல், சம்பளச் சீட்டு, நிச்சயப் பத்திரிகையின் மாதிரி, மணமகளின் விரல் அளவு ஆகியவை இணைப்புகள்.

அரசு ஊழியர் விலையுயர்ந்த பொருள் வாங்கினால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எல்லாருக்கும் தெரிந்த விதி என்பதால் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கண்காணிப்பாளர் பச்சியப்பனின் விரல்களில் மூன்று மோதிரங்கள் இருந்தன. மூன்றும் மாமியார் போட்டவை. மாமியார் காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாவது மோதிரம் போன தீபாவளிக்கு வந்தது.

"ஏம்பா, இதையெல்லாமா எழுதிக் கேப்பாங்க?" என்றார் பச்சியப்பன். "மாமியார் போட்டதுன்னு சொல்லிட்டுப் போவியா..."

"மோதிரம் எனக்கில்லீங்க சார். பொண்ணுக்கு நான் போடறது."

"மாமியார் வூட்ல வாங்கிக் குடுத்து, அதை நீ வாங்கி அவங்க பொண்ணுக்கே போட்டதா இருக்கட்டுமே. யாரு கேக்கப் போறாங்க?"

"அப்படி நடக்கலீங்களே சார்."

பச்சியப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

வைரம் எழிலரசியின் விருப்பம். பொம்மிடியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் வேலை பார்க்கிறாள். வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டு மாற்றிக்கொள்வதோடு நிச்சயம் முடிந்துவிடும் காலம் மலையேறிவிட்டது. இப்போது பொருத்தம் பார்த்து, சீர் பேசி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, ஆட்டுக்கு ஆர்டர் கொடுத்த பிறகு, மாப்பிள்ளை மண்டியிட்டு மோதிரத்தை நீட்டி, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று கேட்க வேண்டும். பெண் ஆச்சரியப்பட வேண்டும். ஆச்சரியத்தைப் படம் பிடிக்க இரண்டு கேமராவும் ஒரு ட்ரோனும் வரும்.

"கல்லு சின்னதா இருந்தாலும் பரவால்லீங்க, ஜூம் பண்ணிக்கலாம். ஆனா வைரமா இருக்கணும்" என்று எழிலரசி சொல்லியிருந்தாள்.

இருவரும் நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கடையைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைக்காரர் கேட்காமலே கல்லில் பொறித்திருந்த தரச் சான்று எண்ணைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்போம் என்பதைப் பில்லிலேயே எழுதித் தருவதாகச் சொன்னார். இப்படி ஒரு கடை கிடைத்ததில் வீரமணிக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில்தான் விண்ணப்பம் எழுதினார்.

மூன்று வாரம் கழித்து அலுவலர் மாதேஸ்வரன் அதில் ஒரு கேள்வி எழுதினார்: "மாவட்டத்தில் இத்தனை நகைக்கடைகள் இருக்க, இக்கடை மட்டும் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது?"

நம்பிக்கையின் அடிப்படையில் என்று வீரமணி பதில் எழுதினார். நம்பிக்கைக்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. ஜூலை இறுதியில், நகைக்கடைத் தெரிவுக்கென மூவர் குழு அமைக்கப்பட்டது. மாதேஸ்வரன் தலைவர், பச்சியப்பன் உறுப்பினர், மூன்றாவது பணியிடம் காலி.

ஆகஸ்ட் 12 அன்று குழு ஜீப்பில் களஆய்வுக்குப் புறப்பட்டது. வீரமணி கோப்பைச் சுமந்துகொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

முதலில் வீரமணி சொன்ன கடை. கடைக்காரர் எழுந்து கும்பிட்டு, "என்ன வேணுங்க?" என்று கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் பில் போடுவதைக் குழு கவனித்தது. வெளியே வந்ததும் மாதேஸ்வரன் சொன்னார்: "ஒரு மூக்குத்திக்குக் கூடப் பில் போடறான். எதையோ மறைக்கிறான்யா இவன்."

இரண்டாவது, ஐந்து மாடி, குளிர்சாதனம், லிஃப்டில் பாட்டு. வாங்குபவர்களுக்கு மட்டும்தான் பழச்சாறு என்று அங்கே தெரிய வந்தது. பொதுமக்களிடையே பாகுபாடு காட்டும் நிறுவனம் என்று குறிப்பு எழுதப்பட்டது.

மூன்றாவது, அருள்குமார் என்பவரின் கடை. அலுவலரும் கண்காணிப்பாளரும் அங்கே ஒரு குண்டுமணி தங்கம்கூட வாங்கியதாக எந்தப் பதிவும் இல்லை. ஆனால் காபி வந்தபோது, மாதேஸ்வரனுக்குச் சர்க்கரை இல்லாமலும் பச்சியப்பனுக்கு இரண்டு கரண்டி போட்டும், யாரும் சொல்லாமலே வந்தது.

"மேடத்துக்கு அந்த வளையல் கரெக்டா இருக்குதுங்களா சார்?" என்றார் அருள்குமார்.

மாதேஸ்வரன் இருமினார். "இவரு நம்ம ஸ்டாஃப். வைர மோதிரம் பாக்கணும்."

அருள்குமாரின் கடை ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டது. அனுமதி ஆணை தட்டச்சாகும் நேரத்தில் பச்சியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காதுங்க சார். மூணு நாளு வூட்ல வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும். எங்க சித்தப்பா ஒருத்தரு வச்சுப் பாக்காம வாங்கினாரு. அந்த வாரமே போர் கெணத்துல தண்ணி நின்னு காத்துதான் வந்துச்சு."

"எங்க வூட்ல வச்சுப் பாக்கறேனுங்க சார்" என்றார் வீரமணி.

மாதேஸ்வரன் யோசித்தார். "அனுமதி இன்னும் வழங்கலை. அதுக்குள்ள கல்லு உன் வூட்ல இருந்து, உனக்கு ஏதாவது நல்லது நடந்துச்சுன்னா, அது அனுமதியில்லாம அடைஞ்ச ஆதாயம். சட்டப்படி தப்பு. கல்லு ஆபீஸ்ல இருக்கட்டும்."

மறுபடி கடைக்குப் போனபோது அருள்குமார் கல்லைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். வீரமணி சீட்டு கேட்டார்.

"சாருங்களுக்கு என்னைக்குங்க சீட்டு போட்டிருக்கறேன்?" என்று அருள்குமார் சிரித்தார்.

வைரக் கணக்கில் பதினைந்து சென்ட், அதாவது கால் கேரட்டுக்கும் குறைவான எடையுள்ள அந்தக் கல் ஆகஸ்ட் 20 அன்று அலுவலர் மேசையின் இழுப்பறையில் வைக்கப்பட்டது. விளைவுகளைப் பதிவு செய்யக் கோப்பில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டது. முதல் நாள்: தேநீர் சூடாக வந்தது, நலம். இரண்டாம் நாள்: இரண்டு ஆண்டுகளாக நின்றிருந்த மின்விசிறி சுற்றியது, மிக நலம். மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று இருபதுக்கு லஞ்ச ஒழிப்புத் துறைச் சோதனைக்காரர்கள் வந்தார்கள்.

தரிசுச் சான்றுக்குப் பணம் கேட்கிறார்கள் என்று நல்லம்பள்ளி விவசாயி ஒருவர் புகார் கொடுத்திருந்தார். புகார் உண்மை. ஆனால் அந்தப் பணம் என்றைக்கும் அலுவலகத்துக்குள் வந்ததில்லை, எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையோடு நின்றுவிடும். இரண்டு மணி நேரம் தேடியதில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வைரம்.

"இது யாரோடது?"

அலுவலரும் கண்காணிப்பாளரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளில் அந்த அலுவலகத்தில் தாமதமின்றி நடந்த ஒரே காரியம் அது.

"அவனோடதுங்க. ஜூன்லேருந்தே வைரம் வைரம்னு எழுதிட்டிருந்தான்" என்றார் பச்சியப்பன். விண்ணப்பத்தையும் எடுத்துக் காட்டினார். ஐந்து இணைப்புகளும் சரியாக இருந்தன. கோப்பின் மற்ற பக்கங்கள் அன்று மாலையே காணாமல் போயின.

"அனுமதி வாங்கினீங்களா?" என்று வீரமணியைக் கேட்டார்கள்.

"இன்னும் வரலீங்க."

"அனுமதி இல்லாம வைரம் எப்படி வந்துச்சு?"

"அது ஆபீசர் டிராயர்லதானுங்க இருந்துச்சு."

"டிராயர் அரசாங்கத்தோடது. கல்லு யாரோடது?"

எந்தக் கடை என்று வீரமணி சொல்ல, அருள்குமாரைக் கேட்டார்கள். இப்படிக் கேட்டால் சொல்வதற்கென்று அவரிடம் பல ஆண்டுகளாக ஒரு பதில் தயாராக இருந்தது. அதைச் சொன்னார்: "இந்த ஆபீஸ்காரங்க யாரையும் நான் பாத்ததே இல்லீங்க."

வீரமணி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் நாளிதழில் 'வைரங்கள் பறிமுதல்' என்று வந்தது. ஒரு கல்லுக்குத் தலைப்பு நிற்காது என்று செய்தியாளருக்குத் தெரியும். காரிமங்கலம் சந்தையில் அது ஒரு பை வைரமாகி, மாட்டுச் சந்தைப் பக்கம் போகும்போது இரண்டு பையானது.

ஞாயிற்றுக்கிழமை எழிலரசியின் அப்பா தீர்த்தகிரி வருவதாகத் தகவல் வந்தபோது, சம்பந்தம் முறிந்தது என்றே வீரமணி நினைத்தார். பெண் கேட்டுப் போனபோதே தீர்த்தகிரிக்கு அரைமனசுதான். "சம்பளம் மட்டுந்தானுங்களா?" என்று அன்று அவர் கேட்டதும், "ஆமாங்க" என்று வீரமணி சொன்னதும் எல்லாருக்கும் நினைவிருந்தது.

தீர்த்தகிரி ஒரு முழு வாழைத்தாரோடு வந்து இறங்கினார்.

"என்ன மாப்ள, இவ்வளவு கமுக்கமா இருந்துட்டீங்களே! என் மச்சான்லாம் கிளர்க்கு மாப்பிள்ளைன்னு நக்கல் பண்ணிட்டிருந்தானுங்க. நேத்து ஒவ்வொருத்தனும் போன் பண்ணி, மாப்பிள்ளை லேசுப்பட்ட ஆளு இல்ல போலன்னு கேக்கறானுங்க."

"மாமா, நான் எதுவும் வாங்கலீங்க. அந்தக் கல்லு கடைக்காரருது."

"ஆமாமா, அப்படித்தான் சொல்லணும். எங்கிட்டயும் அப்படியே சொல்லுங்க." தீர்த்தகிரி குரலைத் தாழ்த்தினார். "கெடா ரெண்டுன்னு பேசினோம். நாலா ஆக்கிட்டேன்."

அவர் போனதும் எழிலரசி போனில் வந்தாள்.

"நெசமாச் சொல்லுங்க, நீங்க ஏதாச்சும் வாங்கினீங்களா?"

"உன் மேல சத்தியமா இல்ல."

"எனக்குத் தெரியும். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அப்பாகிட்ட மட்டும் அதைச் சொல்லாதீங்க. நூறு பத்திரிகை எக்ஸ்ட்ரா அடிச்சிட்டாரு."

"நாளைக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நிச்சயம் நின்னுடும். அவரு உங்களுக்குப் பொண்ணு குடுக்க மனசு வச்சதே இப்பத்தான்."

வீரமணி அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சந்தேகம் உறுதிப்பட்டது.

பணிநீக்கத்தில் சம்பளம் பாதியாகிவிட்டதால் மோதிரத்தைத் தீர்த்தகிரியே வாங்கினார். எந்தக் கடை என்று அவர் யோசிக்கவே இல்லை. பறிமுதல் செய்தியில் அருள்குமார் கடையின் பெயரும் வந்திருந்தது. மாப்பிள்ளை வாடிக்கையாகப் போகும் கடை இருக்கும்போது வேறு கடை எதற்கு? அருள்குமார் எழுந்து வந்து வரவேற்றார்.

"நம்ம வீரமணி சார் மாமனாருங்களா? சாரு நமக்கு ரொம்ப வருஷப் பழக்கமுங்க. காபிக்குச் சர்க்கரை போடலாமுங்களா?"

கடையில் அன்று நல்ல கூட்டம். தரச் சான்றை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், ஆனால் சோதனைக்காரர்களே வந்து பறிமுதல் செய்த கல் போலியாக இருக்க முடியாது என்று மாவட்டம் முழுவதும் ஒரு கருத்து பரவியிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடையில் அப்படிப் பறிமுதல் ஆன கல் ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைக்காரர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆவணி 15 அன்று வீரமணி மண்டியிட்டார், எழிலரசி ஆச்சரியப்பட்டாள், ட்ரோன் பந்தலைச் சுற்றி வந்தது. முதல் வரிசையில் மாதேஸ்வரனும் பச்சியப்பனும் உட்கார்ந்து கைதட்டினார்கள். பச்சியப்பன் விரலில் நான்காவதாக ஒரு மோதிரம் இருந்தது. தை மாதம் கல்யாணம் நடந்தது.

2026 பிப்ரவரி 18, புதன்கிழமை, வீரமணி மீது குற்றம் ஏதுமில்லை, அவர் நேர்மையானவர் என்று விசாரணையில் தெரிய வருகிறது என்ற ஆணை பதிவுத் தபாலில் வந்தது. கூடத்தில் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்ததால், எழிலரசி அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.