பச்சைப்புள்ளிக் காவலர்

நம் நாட்டு அலுவலகங்களில் சமீப காலமாக ஓர் இனம் பல்கிப் பெருகியிருக்கிறது. பச்சைப்புள்ளிக் காவலர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். அலுவலகச் செய்திப்பெட்டியில் நம் பெயருக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி இருக்கிறதல்லவா? கணினியில் கை வைத்திருந்தால் பச்சை, ஐந்து நிமிஷம் கையை எடுத்தால் மஞ்சள். அந்தக் கடுகைக் கண்கொட்டாமல் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் இவர். வேலை நடக்கிறதா? அது யாருக்கு வேண்டும்?

மாதிரிக்கு ஒருவர் வேண்டுமென்றால் மாதுங்காவில் சுந்தரராமனைப் பாருங்கள். சரக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மேலாளர். கீழே ஒன்பது பேர், வாரத்தில் மூன்று நாள் எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அந்த நாட்களில் காலை ஒன்பதடித்ததும் இடுப்புக்கு மேலே இஸ்திரிச் சட்டையும் கீழே நாலு முழ வேஷ்டியுமாகக் கணினி முன் உட்கார்ந்து, ஒன்பது புள்ளிகளையும் சரிபார்ப்பார். ஒன்று மஞ்சளாகிவிட்டால் போதும், மூக்கில் வேர்த்துவிடும், உடனே அந்த ஆளுக்கு 'ஹாய்' என்று ஒற்றைச் சொல் அனுப்புவார். என்ன விஷயம்? எழுத மாட்டார். எதிராளி பதறுவதுதான் விஷயம். பிறகு 'ரெண்டே நிமிஷம் கால்' என்று கூப்பிடுவார். அதில் முதல் பத்து நிமிஷம் தன் குரல் கேட்கிறதா என்று ஒவ்வொருவரையும் விசாரிப்பதிலேயே போய்விடும்.

இவரிடம்தான் ஸ்ரீலேகா வந்து மாட்டினாள். வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம், நிரந்தரமாக்குவார்களா வீட்டுக்கு அனுப்புவார்களா என்று முடிவாகும் நேரம். மழையில் கெட்ட சரக்கை நேரில் பார்த்து, படம் எடுத்து, அறிக்கை எழுதுவது அவள் வேலை. தேவ்நார் குடோனில் முழங்கால் தண்ணீரில் நின்று மூட்டையைப் புரட்டுகிறவள் கணினியை எந்தக் கையால் தொடுவாள்? புள்ளி மஞ்சளாகத்தான் செய்யும். சுந்தரராமன் அதை நிமிஷக் கணக்கோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார்.

அவள் படங்களைக் காட்டி முறையிட்டபோது, "நீ சைட்லதான் இருந்தேன்னு நான் நம்பறேன்மா. சிஸ்டம் நம்பணுமே?" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை புனே தலைமை அலுவலகத்துக்கு, அவளை நிரந்தரமாக்க வேண்டாம், பெரும்பாலும் மஞ்சளாகவே இருக்கிறாள் என்று எழுதி அனுப்பிவிட்டு, மோர்க்குழம்புச் சாதம் சாப்பிட்டு எழுந்தார். பிறகு அன்றாட வழக்கப்படி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் மல்லாத்தி, அதன்மேல் மௌஸைத் தூக்கி வைத்தார். அடியில் நொடிமுள் ஓட ஓட, யாரோ தன்னை அசைக்கிறார்கள் என்று மௌஸ் ஏமாந்துவிடும். புள்ளி வாடாது. ஊருக்குத்தான் உபதேசம். சுந்தரராமன் போனின் சத்தத்தை அணைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

அவர் எழுதியதைப் படித்த பெரிய அதிகாரி கிருஷ்ணா, விவரம் கேட்கக் கூப்பிட்டார். பதில் இல்லை. புள்ளி பச்சை. ஒரு மணி நேரத்தில் பதினோரு முறை கூப்பிட்டும் பதில் இல்லை, அப்போதும் பச்சை. ரத்த அழுத்தக்காரர், கணினி மேலேயே சாய்ந்துவிட்டாரோ என்று கிருஷ்ணாவுக்குக் கலக்கமாகிவிட்டது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடினார். வடாலா குடோனில் ஸ்ரீலேகா இருந்தாள். அவளை மாதுங்கா வீட்டுக்கு ஓடச் சொன்னார்.

தன்னைக் கவிழ்க்கப் பார்த்த மனிதருக்காகச் சேற்றுச் செருப்போடு மூன்று மாடி ஓடி ஏறினாள் அந்தப் பெண். போனில் கிருஷ்ணா காத்திருந்தார். கதவைத் திறந்த சுந்தரராமனின் மனைவி நாகலக்ஷ்மி மாமி நிதானமாகச் சொன்னாள்: "மாமாவா? தூங்கிண்டிருக்கார். ஆத்துலேந்து வேலைன்னா நாலு மணிக்குத்தான் எழுந்துப்பார்."

ஸ்ரீலேகா மேஜையைப் பார்த்தாள். கடிகாரத்தின் மேல் மௌஸ். திரையில் பச்சை. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் நஷ்டத்தை நேரில் பார்த்தால் படம் எடுப்பதுதானே தொழில்? மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, மணி தெரிகிற மாதிரி ஒன்று. அங்கிருந்தே கிருஷ்ணாவுக்கு அனுப்பினாள். வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்த சுந்தரராமன் அவசரமாக மௌஸைக் கடிகாரத்திலிருந்து இறக்கி வைத்தார்.

என்ன ஆயிற்று அவருக்கு என்று போனில் கேட்டார் கிருஷ்ணா.

"நன்னா இருக்கார் சார். மஞ்சளா இருந்திருக்கார், அவ்வளவுதான்."

திங்கட்கிழமை அவளுக்கு நிரந்தர ஆணை வந்தது. சுந்தரராமனுக்கும் ஓர் ஆணை வந்தது. இனி வாரம் ஐந்து நாளும் செம்பூர் அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும். வருகிறார். காவலை மட்டும் விடவில்லை. மதியம் ஃபைலைக் கண்ணுக்கு நேரே பிரித்துப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார், எழுந்ததும் யாருக்காவது 'ஹாய்' அனுப்புகிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வேலை நேரத்தில்தானே இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? நடுவில் இரண்டு தரம் மௌஸை ஆட்டிவிட்டு வந்தீர்களே, அதை விடுங்கள். உங்களுக்குக் கீழே இருக்கிறவரின் புள்ளி மஞ்சளாகிவிட்டதா என்றும் ஒரு பார்வை பார்த்தீர்களே, அது எதற்கு?